முருகையின் அருமையும் பெயரும்: கல்முனைக் கரையோரத்தை முன்னிறுத்திய ஒரு விளக்கம்

தமிழிற் பவளம் என்னும் சொல் இருவேறு பொருள்களைச் சுட்டி நிற்கின்றது. ஒன்று, நவமணிகளுள் வைத்து எண்ணப்படும் செம்மணி. மற்றையது, வெப்பக் கடல்களிற் கல்லாகப் படிந்து பாறையாக உயரும் உயிர்த்தொகுதி. முன்னதைப் பண்டைத் தமிழர் துகிர் என்றும் வழங்கினர். காவிரிப்பூம்பட்டினத்திற் குவிந்த பண்டங்களைக் கூறுமிடத்துப் பட்டினப்பாலை கீழ்க்கடலின் துகிரையும் குறிப்பிடுகின்றது. கிரேக்க மொழியில் எழுந்த பெரிப்புளூசு என்னும் கடல்வழி நூலோ முசிறியில் வந்திறங்கிய மேலைத்தேயச் சரக்குகளுள் பவளத்தையும் சேர்த்துரைக்கின்றது. அணிகலனுக்குரிய செம்பவளத்தின் புகழ்பெற்ற விளைநிலம் மத்தியதரைக் கடலேயாம். பின்னதை ஈழத்துத் தமிழ்பேசும் மக்கள் முருகை என்றும் முருகைக்கல் என்றும் வழங்குவர். இவ்வழக்குப் பொருள் மயக்கத்தைத் தவிர்ப்பதாகலின் இக்கட்டுரையில் நாமும் அதனையே கைக்கொள்வோம்.

அண்மைக் காலத்திற் கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டிகளில் உயிர்முருகையை வளர்க்கும் விருப்பம் உலகின் பல நாடுகளிலும் பரவியுள்ளது. அவ்விருப்பம் உடையோர் முதலில் எழுப்பும் வினா, 'இஃது அரிய இனமோ?' என்பதாகும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலை முற்றமாகக் கொண்ட ஊர்களில் வாழ்வோர்க்கு இவ்வினா வேறொரு வகையிலும் முக்கியமானது. தம் கடலில் உள்ளது எது, இல்லாமற் போவது எது என்பதை அறிதற்கும் இதுவே வாயில். ஆகலின் முருகையை இனங்காணும் முறையையும், அருமை என்பது எவ்வாறு துணியப்படுகின்றது என்பதையும் ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

முருகையின் இயல்பு

முருகை தாவரமுமன்று, வெறுங் கல்லுமன்று. சொறிமுட்டையும் கடற்சாமந்தியும் சார்ந்த பெருங்கணத்தைச் சேர்ந்த விலங்கு. பொலிப்பு எனப்படும் சிற்றுயிர் ஒவ்வொன்றும் ஒரு வாயும் அதனைச் சூழ்ந்த பரிசக்கொம்புகளும் உடையது. அது தன் அடியிற் கல்சியங் காபனேற்றைச் சுரந்து ஒரு கிண்ணத்தை அமைத்து அதனுள் வாழ்கின்றது. ஆயிரக்கணக்கான கிண்ணங்கள் இணைந்ததே நாம் காணும் முருகைக்கல். பாறை அமைக்கும் முருகைகளின் இழையங்களுள்ளே நுண்ணிய அல்காக்கள் உறைகின்றன. அவை சூரிய ஒளியால் உணவாக்கி அதிற் பெரும் பங்கைத் தம்மை ஏந்திய விலங்குக்கு அளிக்கின்றன. நீர் தெளிவாகவும் ஆழங் குறைந்தும் இருத்தல் வேண்டுவது இதனாலேயே.

வளர்ச்சி மந்தமானது. கிளைவடிவான அக்குரோப்போரா ஆண்டுக்குப் பத்துச் சதமமீற்றர் அளவிலும் வளரக்கூடும். உருண்டையான பொரைற்றீசு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதமமீற்றரே தடிக்கும். ஆகவே தலையளவான ஓர் உருண்டைக் கல்லைப் பெயர்ப்பவன் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வளர்ச்சியை ஒரு நொடியிற் பெயர்க்கின்றான்.

அம்பாறைக் கரையின் நிலை

கரையோடு ஒட்டிய முருகைத்தொடர் இலங்கைக் கரையின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ 2 வீதத்திலேயே உண்டு எனக் கணித்துள்ளனர். கிழக்கில் திருக்கோணமலைப் புறாத்தீவும், மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடா, கல்குடா, காயான்கேணி ஆகிய இடங்களும் பெயர்பெற்றவை. கல்குடா என்னும் பெயரிற் கல்லும் குடாவும் உள. கல்முனை என்னும் பெயரிற் கல்லும் முனையும் உள. இக்கல் எக்கல் என்பதை ஆராய்தல் ஊர்ப்பெயராய்வாளர் கடன். ஆயினும் கல்முனைக் கரை பாசிக்குடாவைப் போன்றதன்று. அது நீண்ட மணற்கரை. மாரிமழைக் காலத்தில் ஆறுகளும் களப்புகளும் முகத்துவாரங்கள் வழியே சேற்றையும் நன்னீரையும் கடலிற் கொட்டுகின்றன. இரண்டுமே முருகைக்கு ஒவ்வாதவை.

இத்தகைய கரைகளில் முருகையைப் பெரும்பாலும் கடலடியிலுள்ள மணற்கற் படைகளின் மீதும் கரும்பாறைகளின் மீதும் ஆங்காங்கே ஒட்டி வளரும் தனித்தனித் தொகுதிகளாகவே எதிர்பார்த்தல் தகும். வாடைக்காற்றுக் காலத்தில் நீர் கலங்கி அலை மிகும். கச்சான் வீசும் நடுவாண்டு மாதங்களிலேயே அடித்தளம் தெளிவாகத் தெரியும். அப்பாறைகள் எங்கெங்கே உள என்பதை வலை சிக்கிக் கிழிந்த அனுபவத்தால் மீனவர் அறிவர். அவ்வறிவு நூல்களில் ஏறாத அறிவு.

இனங்காணும் முறை

இனங்காண்போர் முதலிற் கைவிட வேண்டியது நிறம். முருகையின் கபில நிறம் பெரும்பாலும் அதனுள் உறையும் அல்காவினது. பச்சை, ஊதா, செம்மஞ்சள் முதலிய ஒளிர்நிறங்கள் முருகை ஆக்கும் புரதங்களால் வருவன. ஒளியின் அளவு மாறின் அவையும் மாறும். தொட்டியின் நீலவிளக்கின் கீழ் வியப்பூட்டும் ஒரு துண்டு பகலொளியில் மங்கிய கபிலமாகத் தோன்றுதல் இயல்பு.

இரண்டாவதாக ஐயத்தோடு நோக்க வேண்டியது வெளிவடிவம். ஒரே இனம் அலை மோதும் மேட்டிற் குறுகித் தடித்த கிளைகளோடும், அமைதியான ஆழத்தில் மெலிந்து விரிந்த கிளைகளோடும் வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆய்வாளர் அருங்காட்சியகத்துக்கு வந்த உலர்ந்த துண்டுகளை மட்டுமே கண்டு எழுதியமையால் ஓரினத்துக்குப் பல பெயர்கள் ஏற்பட்டன. இரிட்லி என்பார் 1883 இல் இலங்கை முருகைகளைப் பற்றி எழுதிய கட்டுரை நம் நாட்டுக்குரிய தொடக்க ஆவணங்களுள் ஒன்று. நீர்மூழ்கிகள் கடலடியில் நேரே நோக்கத் தொடங்கிய பின்னரே வடிவ வேறுபாட்டின் எல்லை புலனாயிற்று. 1969 இல் இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள மண்டபத்தில் நிகழ்ந்த முருகை ஆய்வரங்கு இத்துறையின் முதல் அனைத்துலக மாநாடாகக் கொள்ளப்படுகின்றது. நம் அயற்கடலின் முருகையைத் தமிழ்நாட்டுக் கரையிலிருந்தே உலகம் ஆராய்ந்தது என்பது நினைக்கத்தக்கது.

நம்பத்தக்க சான்று கிண்ணத்தின் அமைப்பே. கைவில்லை ஒன்று கொண்டு பின்வருவனவற்றை நோக்கலாம்.

முதலாவது, பரிசக்கொம்புகளின் எண்ணும் இயல்பும். கல்முருகைகளில் அவை ஆறின் மடங்காக அமையும். எட்டாகவும் இறகுபோற் பிளவுற்றும் இருப்பின் அது வேறொரு வகுப்பு. செந்நிறக் குழல்களாலான தூபிப்போராவும், உள்ளே நீலநிறக் கல்லுடைய எலியோப்போராவும், முற்கூறிய அணிகலப் பவளமும் அவ்வகுப்பினவே. தொட்டவுடன் தோலை எரிக்கும் மில்லிப்போரா கல்முருகை போலத் தோன்றினும் அவற்றிலிருந்து விலகிய பிறிதொரு வகுப்பினது.

இரண்டாவது, கிளையின் நுனி. நுனியில் ஒரு தனிக்கிண்ணம் குழல்போல் நின்று, பக்கங்களிற் சிறு கிண்ணங்கள் சூழ்ந்திருப்பின் அஃது அக்குரோப்போரா. நுனிக்கிண்ணம் இன்றிக் கிளை முழுதும் பருக்கள் போன்ற மேடுகள் பரந்து, அவற்றின் மீதும் கிண்ணங்கள் காணப்படின் பொசில்லோப்போரா.

மூன்றாவது, உருண்டைக் கற்களிற் கிண்ணங்களின் சுவர். கிண்ணங்கள் ஒன்றரை மில்லிமீற்றர் அளவினவாய் நெருங்கியிருப்பின் பொரைற்றீசு. பெரிய கிண்ணங்கள் தேனடைபோல ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளின் பவைற்றீசு. ஒவ்வொன்றும் தனக்கெனச் சுவருடையதாய் இடையே பள்ளம் தெரியின், நெடுங்காலம் பவியா எனப்பட்ட பேரினம். 2012 ஆம் ஆண்டின் மறுவகுப்பில் இந்து-பசிபிக் பகுதியின் அவ்வினங்கள் திப்புசாத்திரயா என்னும் பேரினத்துள் வைக்கப்பட்டன. சுவர்கள் நீண்டு வளைந்து மூளையின் மடிப்பை ஒத்திருப்பின் பிளாற்றிசைரா.

இவ்வாறு பேரினத்தை அறிதல் பயிற்சியுடைய எவர்க்கும் கைகூடும். இனத்தை அறிதல் அத்துணை எளிதன்று. அதற்குப் பிரிசுவர்களின் எண், பற்கள், நடுத்தண்டின் அமைப்பு ஆகியவற்றை உருப்பெருக்கியில் நோக்கல் வேண்டும். சிலவற்றிற்கு மரபணு ஆய்வும் வேண்டப்படுகின்றது.

அரியது எது?

அருமை ஒருவகைப்பட்டதன்று. தாவரங்களை ஆராய்ந்த தெபோரா இராபினோவிற்சு 1981 இல் மூன்று அளவுகோல்களை வகுத்தார். ஓர் உயிர் பரவியுள்ள நிலப்பரப்பு எவ்வளவு? அது வாழும் இடவகை பரந்ததோ குறுகியதோ? வாழுமிடத்தில் அதன் தொகை மிகுதியோ குறைவோ? இவ்வினாக்கள் முருகைக்கும் பொருந்தும். ஓரினம் இந்தோனேசியாவில் மலிந்திருந்து நம் கடலில் ஒரு பாறையில் மட்டும் இருத்தல் கூடும். பிறிதொன்று எங்கும் பரவியிருந்தும் எங்கும் சிலவாகவே இருத்தல் கூடும்.

காலமும் அருமையை மாற்றுகின்றது. 1998 இற் கடல்நீர் மிகச் சூடேறியபோது முருகைகள் தம் அல்காக்களை இழந்து வெளிறின. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார்ப் பாறைத்தொடரின் ஆழங்குறைந்த பகுதியிற் பரந்து கிடந்த மேசைவடிவ அக்குரோப்போரா ஏறத்தாழ முற்றாக அழிந்தது. இக்கடுவை பெரிதும் பாதிக்கப்பட்டது. திருக்கோணமலைப் பகுதி பெரும்பாலும் தப்பியது. மேற்குக் கரையில் மிகச் சாதாரணமாயிருந்த ஒன்று ஒரே ஆண்டில் அரிதாயிற்று. இயற்கைப் பாதுகாப்பிற்கான அனைத்துலக ஒன்றியம் 2024 இல் வெப்பக்கடல் முருகையினங்கள் 892 ஐ மதிப்பிட்டு, அவற்றுள் 44 வீதமானவை அழிவின் அச்சுறுத்தலில் உள்ளன என அறிவித்தது.

ஆகவே 'இஃது அரியது' என்னும் கூற்று மூன்று செய்திகளின் மேல் நிற்பது: பெயர், இடம், காலம். இவற்றுள் ஒன்று குறையினும் அக்கூற்று வெறும் வியப்புரையாகிவிடும்.

தொட்டியில் முருகை

இயற்கைக் கற்களையும் உயிர்முருகையையும் காற்றுக்குமிழி கொண்டே வீட்டுத் தொட்டியிற் பேணலாம் என்பதைச் சக்கார்த்தாவில் வாழ்ந்த இலீ சின் எங்கு என்பார் 1961 இல் எழுதிக் காட்டினார். அதன் பின்னர் ஐரோப்பாவில் நுட்பங்கள் பெருகின. இன்று வல்லவர்கள் நீரின் கல்சியத்தைக் கடலிலுள்ளவாறு லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேலாகவும், வெப்பநிலையை 25 பாகை செல்சியசை அண்டியும், உப்பை ஆயிரத்துக்கு 35 பங்காகவும் நிறுத்துகின்றனர். ஒரு கிளையை நறுக்கி ஒட்டவைத்துப் புதுக்கிளை வளர்க்கும் முறையும் கைவந்துள்ளது. சட்டம் இடந்தரும் நாடுகளில் இவ்வாறு வளர்த்த துண்டுகளையே பெறுதல் கடலுக்குத் தீங்கு குறைந்த வழி.

ஆயினும் தொட்டி அருமையைக் காட்டுதற்குத் தகுந்த இடமன்று. விற்போர் நிறத்தைக் கொண்டு கவர்ச்சிப் பெயர் சூட்டி விலை கூறுவர். அப்பெயர் இனத்தைச் சுட்டாது. துண்டு எக்கடலின் எவ்வாழத்திலிருந்து வந்தது என்பதும் பெரும்பாலும் உடன் வருவதில்லை. அழியும் உயிர்களின் அனைத்துலக வணிகத்தை நெறிப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் 1990 முதற் கல்முருகைகள் அனைத்தும் அடங்கும். அங்கும் இனங்காணல் கடினமாகலின் பல முருகைகளைப் பேரின அளவிற் குறித்தாற் போதும் என விதித்துள்ளனர். ஒரு பேரினத்துள் மலிந்ததும் அரியதும் ஒருங்கே ஒளிந்து செல்ல இஃது இடந்தருகின்றது.

இலங்கையின் நிலை தெளிவானது. தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் திருத்தங்கள் வழியே கல்முருகைகளைக் காக்கின்றது. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988 இல் வந்த திருத்தம், கரையோர வலயத்தில் முருகை அகழ்தல், சேர்த்தல், வைத்திருத்தல், சுண்ணாம்புக்காக எரித்தல் ஆகியவற்றைத் தடுத்தது. ஆராய்ச்சிக்கு அனுமதி பெற்றோர்க்கே விலக்குண்டு. தென்மேற்கிலும் கல்குடாப் பகுதியிலும் சுண்ணாம்புக்காகப் பெயர்க்கப்பட்ட முருகையின் அளவை நோக்கின், தொட்டிக்கெனப் பெயர்ப்பது சிறிதே என வாதிடுவோர் இருக்கலாம். ஆனால் சூளைக்காரன் கிடைத்ததைக் கொள்கின்றான். சேகரிப்போனோ அரியதையே தேடிக் கொள்கின்றான். சிலவே உள்ள இனத்துக்கு இரண்டாமவனே கொடியவன்.

செய்யத்தக்கது

அங்ஙனமாயின் ஆர்வமுடையோர் சேர்க்கத்தக்கது யாது? பதிவையே சேர்த்தல் வேண்டும். முருகையைத் தொடாது, அருகில் ஓர் அளவுகோலை வைத்து, முழுத்தொகுதியை ஒரு படமும் கிண்ணங்கள் தெரிய மற்றொரு படமும் எடுக்கலாம். நாள், இடம், ஆழம், அடித்தளத்தின் இயல்பு, தொகுதியின் குறுக்களவு, உயிருள்ளதோ வெளிறியதோ என்னும் செய்தி ஆகியவற்றை உடன் எழுத வேண்டும். பேரினத்தோடு நிறுத்தி, இனத்தை அறிஞர்க்கு விடுதல் குறையாகாது. புயலுக்குப் பின் கரையொதுங்கும் துண்டுகளையும் அவ்வாறே அளந்து படமெடுத்து அங்கேயே விடலாம். மீனவர் பாறைகளுக்கும் முருகைகளுக்கும் இட்டு வழங்கும் பெயர்களை ஊர்தோறும் தொகுத்தல் தமிழ் கற்போர்க்கே உரிய பணி. 1995 இல் நிறுவப்பட்டு ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இத்தகைய பதிவுகள் வந்து சேரத்தக்க அண்மை நிலையம்.

இப்பணி விரைந்து வேண்டப்படுதற்குக் காரணம் உண்டு. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரால் வடக்கிலும் கிழக்கிலும் ஒழுங்கான கடலடி ஆய்வு அருகிற்று. 1998 ஆம் ஆண்டின் வெளிறலும், கல்முனைக் கரையூர்களிற் பேருயிர்ச்சேதம் விளைத்த 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் அக்காலத்துள்ளேயே வந்தன. முன்னைய பதிவு இல்லாத இடத்தில் இழப்பை அளத்தற்கு வழியில்லை. இருந்தது இன்னதென எழுதப்படாதபோது, போனது இன்னதெனக் கூறுதல் எவர்க்கும் இயலாது. இன்று எழுதப்படும் ஒரு பக்கம், அடுத்த வெப்பம் வந்து தணிந்த பின்னர் அக்கரையோரத்தார் தம் கடலை அறிதற்குரிய அளவுகோலாக நிற்கும்.