உங்களுக்குத் தெரியுமா? வெள்ளிக் காசுக்குச் சாய்வு வெளிச்சம்

பழைய வெள்ளிக் காசைப் படமெடுக்க, விலை உயர்ந்த கேமராவைவிட விளக்கு இருக்கும் இடமே முக்கியம். சின்னங்கள் குத்தப்பட்ட, சுமார் 3.4 கிராம் எடையுள்ள பழங்கால முத்திரைக் காசைப் பாருங்கள். அதிலுள்ள சூரியனும் மலைமுகடும் தேய்ந்து, மயிரளவு மேடாகவே நிற்கும். நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் வெள்ளி கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பிவிடும். எல்லாம் ஒரே வெளுப்பு. விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும். அந்த நிழலைத்தான் நம் கண் உருவமாகப் படிக்கிறது.

சாய்வு வெளிச்சம் ஏமாற்றாதா என்று கேட்கலாம். ஏமாற்றும்தான். ஒளி வரும் திசையிலேயே ஓடும் கோடு மறைந்துபோகும்; கறைகூட நிழல்போலத் தெரியும். ஆனால் அது ஒரே படத்தை நம்புவதில் உள்ள கோளாறு. காசை அசைக்காமல், விளக்கை மட்டும் சுற்றி நகர்த்திச் சில படங்கள் எடுத்தால், நிழல் இடம் மாறும், கறை மாறாது. 2001இல் டாம் மால்ஸ்பெண்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட கணினி முறையும் இப்படிப் பல திசை ஒளியில் எடுத்த படங்களைக் கோத்தே மேற்பரப்பைக் காட்டுகிறது. அருங்காட்சியகங்களில் இது புழக்கத்தில் உள்ளது. பளிச்சென்று தெரிய வேண்டுமென்று காசைச் சாம்பலோ பற்பொடியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்: பள்ளத்தில் படிந்த கருமைதான் சின்னத்தின் விளிம்பை எடுத்துக்காட்டுகிறது.