பத்துக்குப் பத்து அறையும் ஒரு மைக்கும்

பாட்டுப் பதிவு செய்ய, ஆடியோ புத்தகம் வாசிக்க, டப்பிங் பேசி அனுப்ப என்று வீட்டில் ஓர் அறையை ஒதுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மைக் விலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அறையின் நீளம், அகலம், உயரம். மூன்றையும் டேப் வைத்து அளந்து அங்குலம் வரை சொல்லச் சொல்வேன். அந்த அறையில் எந்த ஒலி வீங்கும், எது காணாமல் போகும் என்பதை மைக் வாங்கும் முன்பே தாளில் கணக்குப் போட்டுவிட அந்த மூன்று எண்கள் போதும்.

தமிழ்நாட்டு வீடுகளில் அடிக்கடி கிடைக்கும் பதில் ‘பத்துக்குப் பத்து’. தளத்தின் உயரமும் வழக்கமாகப் பத்தடிதான். அப்படியானால் அந்த அறை ஒரு கனசதுரம். ஒலிப்பதிவுக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது.

நம் ஊர் வெப்பத்தில், 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், ஒலி நொடிக்குச் சுமார் 1,140 அடி ஓடும். எதிரெதிர்ச் சுவர்கள் பத்தடித் தள்ளி இருந்தால், ஒரு சுவரிலிருந்து கிளம்பிய ஒலி மறு சுவரில் பட்டுத் திரும்பி வர 20 அடி. 1,140ஐ 20ஆல் வகுத்தால் 57. நொடிக்கு 57 முறை அதிரும் ஒலி, அதாவது 57 ஹெர்ட்ஸ், அந்தச் சுவர்களுக்கு நடுவே போய்த் திரும்பும்போது தன் பின்னால் வரும் அலையோடு இம்மி பிசகாமல் சேர்ந்துகொள்கிறது. அலைமேல் அலை ஏறி அந்த ஒலி மட்டும் வலுக்கிறது. வாசிப்பதை நிறுத்திய பிறகும் அது அறைக்குள் அதிர்ந்துகொண்டே இருக்கும். இதற்கு நிலை அலை என்று பெயர். 57இன் மடங்குகளான 114, 171 ஹெர்ட்ஸிலும் இதே கதைதான். எல்லா அறையிலும் நிலை அலைகள் உண்டு. கனசதுரத்தின் கேடு என்னவென்றால், நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே எண்களில் வந்து குவிகின்றன. 57இல் மூன்று மடங்கு வீக்கம், 114இல் மூன்று மடங்கு வீக்கம், இடையில் பள்ளம்.

பேஸ் கிட்டாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ். அதை மீட்டினால் இந்த அறை அதை ஊதிப் பெரிதாக்கும். இரண்டு மூன்று சுரம் மேலே போனால் ஒலி மெலிந்துவிடும். வாசிப்பவர் விரல் ஒரே பலத்தில்தான் தட்டியிருக்கும். பேச்சை மட்டும் பதிவு செய்பவர்களும் தப்ப முடியாது. ஆண்களின் பேச்சுக் குரல் பெரும்பாலும் 100 முதல் 120 ஹெர்ட்ஸ் வாக்கில் உட்காரும். 114 அதற்குள்தான் இருக்கிறது. குடத்துக்குள் தலையை விட்டுப் பேசியதுபோல் பதிவு கேட்கிறதே என்று பலரும் மைக்கை மாற்றிப் பார்க்கிறார்கள். மைக் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும்.

இதைக் காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம். சற்றுப் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை அறை மூலையில் வைத்து, போன் செயலியிலிருந்து 57 ஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் ஓடவிடுங்கள். சுவரோடு ஒட்டி நின்றால் நெஞ்சில் அதிரும். மெல்ல நடந்து அறையின் நட்டநடுவுக்கு வந்தால் அதே ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும். எதிர்ச்சுவரை நெருங்கினால் திரும்ப வந்துவிடும். முதல் நிலை அலையின் அழுத்தம் சுவர்களில் உச்சத்திலும் நடுவில் பூஜ்யத்திலும் இருப்பதே காரணம். கலவை செய்ய அறையின் நடுவில் மேசை போட்டு உட்காருபவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். அங்கே தாழ்ந்த ஒலி கேட்காது. கேட்கவில்லையே என்று அதைக் கூட்டுவார்கள். அந்தப் பாட்டைக் காரில் போட்டால் கண்ணாடி அதிரும். குட்டைச் சுவர் ஒன்றைப் பார்த்தபடி, அதிலிருந்து நீளத்தின் 38 சதவீதத் தொலைவில் நாற்காலி போடுவது ஒலிக்கலைஞர்களின் பழைய கைக்கணக்கு. அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். தொடங்க நல்ல இடம், அவ்வளவுதான்.

சரி, நல்ல அளவு எது? ஒலியியலாளர் எல். டபிள்யூ. செப்மேயர் 1965இல் கணக்கிட்டுச் சொன்ன விகிதங்களில் ஒன்று 1 : 1.14 : 1.39. பத்தடி உயரத்துக்கு இது ஏறத்தாழ பதினொன்றரை அடி அகலம், பதினான்கு அடி நீளம். இப்போது முதல் அலைகள் 41, 50, 57 என்றும், அடுத்தவை 82, 100, 114 என்றும் பரவி நிற்கும். எந்த ஒலியும் தனியாக வீங்காது. நம் வீடுகளில் பதினொன்றுக்குப் பதினான்கு படுக்கையறை அபூர்வமில்லை. கட்டிலைச் சின்ன அறைக்கு மாற்றிவிட்டுப் பெரிய அறையைப் பதிவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன். தூக்கத்துக்குக் கனசதுரம் ஒரு குறையும் செய்யாது. புதிதாகக் கட்டுகிறவர்கள் இந்த விகிதத்தைச் சொட்டுப் பிசகாமல் பிடிக்க வேண்டியதில்லை. கதவும் ஜன்னலும் கணக்கைச் சற்றே அசைத்துவிடும். இரண்டு அளவுகள் சமமாக இருக்கக் கூடாது. ஒன்று மற்றொன்றின் இரட்டிப்பாகவும் இருக்கக் கூடாது. இருபதுக்குப் பத்து அறை தாராளமாகத் தெரியும், ஆனால் 20 அடியின் இரண்டாம் அலையும் 57தான்.

அளவு தாழ்ந்த ஒலியின் விஷயம். அதைவிட உயர்ந்த ஒலிகளுக்கு முழக்கம்தான், அதாவது ஒலி உடனே அடங்காமல் நீடிப்பதுதான், பிரச்சினை. அதை முதன்முதலில் அளந்தவர் ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த வாலஸ் கிளெமென்ட் சபைன். அங்கே ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் பேச்சு புரியவில்லை என்று 1895இல் அவரிடம் வேலை வந்தது. ஒரு சொல் அடங்க ஐந்தரை நொடி ஆனது. அதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் மேலே விழுந்துவிடும். ஊர் அடங்கிய இரவுகளில், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, ஆர்கன் குழலை ஊதி, ஒலி மறையும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். விடியுமுன் மெத்தைகள் திரும்பிப் போய்விடும். அந்த உழைப்பிலிருந்து பிறந்த சூத்திரத்தைக் கொண்டு வடிவமைத்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் 1900இல் திறக்கப்பட்டது.

அதே சூத்திரம் நம் அறைக்கும் பொருந்தும். அறையின் கன அடியை 0.049ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பின் சதுர அடியால் வகுத்தால் முழக்க நேரம் நொடியில் வரும். பூசிய சுவரும் டைல்ஸ் தரையும் தம்மேல் படும் ஒலியில் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும். 1,000 கன அடி காலி அறையில் மொத்தப் பரப்பு 600 சதுர அடி. உறிஞ்சுவது 18 சதுர அடிக்குச் சமம். முழக்கம் 2.7 நொடி. பேச்சுப் பதிவுக்கு வேண்டியது 0.3 நொடி அளவு. அதற்கு 160 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல் உறிஞ்சும் பரப்பு தேவை, அதாவது ஒன்றரைச் சுவருக்குச் சற்று அதிகம். சுவரில் நான்கு ஃபோம் துண்டுகளை ஒட்டிவிட்டால் போதும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

அந்த ஃபோமும் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம்தான் இருக்கும். உச்ச ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு, கீழே வீங்குவதை அப்படியே விட்டுவிடும். அறை செத்துப்போனதுபோலவும் இரைச்சலாகவும் ஒரே நேரத்தில் கேட்கும். முட்டை அட்டைக்கு அந்தச் சக்திகூடக் கிடையாது. 57 ஹெர்ட்ஸின் அலைநீளம் 20 அடி. அதைப் பிடிக்கக் கனம் வேண்டும். ரீப்பர் கட்டையில் ஆறு அங்குல ஆழச் சட்டம் அடித்து, கன மீட்டருக்கு 48 கிலோ ராக்வூலை நிரப்பி, மேலே காடா துணியை இழுத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஊதிப் பார்த்தால் மூச்சு உள்ளே போகிற துணியாக இருக்க வேண்டும். ரெக்சின் போட்டால் உச்ச ஒலி வழுக்கித் திரும்பிவிடும். முதலில் மூலைகளில் குறுக்காக நிறுத்துங்கள். எல்லா நிலை அலைகளும் அங்கே உச்சத்தில் இருக்கும். கனசதுர அறை மாற்ற முடியாததென்றால் பின்சுவர் முழுவதும் ஓர் அடி கனத்துக்கு இதைப் போடுவது நல்லது. ராக்வூலை வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம்.

இவ்வளவு செய்தும் தெருவில் போகும் பைக் சத்தம் குறையாது. உள்ளே உறிஞ்சுவது வேறு, வெளியே தடுப்பது வேறு. தடுக்க எடை வேண்டும், சந்து இருக்கக் கூடாது. ஏழடிக் கதவின் அடியில் முக்கால் அங்குல இடைவெளி என்பது அதன் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. அது திறந்திருந்தால் தேக்குக் கதவே ஆனாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கதவைச் சுற்றி ரப்பர் பட்டையும், ஜன்னலுக்கும் வெண்டிலேட்டருக்கும் இரட்டைக் கண்ணாடியும் போடப் போகிறீர்கள் என்றால் காற்றுக்கு வழி யோசித்த பிறகு போடுங்கள்.

பாடகரையோ பேசுபவரையோ நிறுத்தும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் கனமான ராக்வூல் பலகை இருக்கட்டும். ஒருபக்க மைக் தன் முன்னால் இருப்பதைத்தான் கேட்கும். பாடுபவரைத் தாண்டி அதற்கு நேரே தெரிவது அவருக்குப் பின்னால் உள்ள சுவர். பலரும் பலகையை மைக்கின் முதுகுப் பக்கம் மாட்டிவிட்டு, பீரோவுக்கு எதிரில் ஆளை நிறுத்துகிறார்கள்.