கல்லாய் வளரும் அல்கா

முருகைக்கற்பாறையில் இளஞ்சிவப்புச் சாயம் பூசினாற்போல் படிந்திருப்பது ஓர் உயிர். அதுவே முருகைச் செவ்வல்கா. தன் கலச்சுவர்களிற் கல்சியம் காபனேற்றைப் படியவிட்டுக் கல்லாய் இறுகுகிறது. லின்னேயஸே இவ்வகையை விலங்குகளோடு சேர்த்துவிட்டார். தாவரந்தான் என 1837 இல் பிலிப்பி காட்டினார்.

இனம் பிரிப்பதோ பெரும்பாடு. அலைக்கும் ஒளிக்கும் ஏற்ப வெளித்தோற்றம் மாறிவிடும். ஆகவே ஆய்வாளர் ஒரு துண்டை அமிலத்திலிட்டுச் சுண்ணத்தைக் கரைத்து, மெல்லிய சீவலாக வெட்டி நுணுக்குக்காட்டியிற் பார்ப்பர். வித்தி உண்டாகும் சிற்றறையின் கூரையில் துளை ஒன்றா, பலவா? அயற்கலங்கள் எவ்வாறு இணைந்துள்ளன? பொறுமையான வேலை; ஆயினும் அதுவும் போதவில்லை.

பொரோலித்தன் ஒன்கோட்ஸ் என்னும் அல்கா, பாறைத் துண்டுகளைச் சீமெந்துபோல் ஒட்டவைப்பது. வெப்பக் கடல்களிற் பரந்த ஒரே இனமென நெடுங்காலம் கருதினர். 2018 இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு, அப்பெயருக்குள் பல இனங்கள் மறைந்திருந்ததைக் காட்டியது. அவற்றுள் எது அப்பெயருக்கு உரியது? 1897 இல் ஹைட்ரிக் விவரித்த, பப்புவா நியூகினிக் கடலின் மூலமாதிரியோடு ஒப்பிட்டே அதைத் தீர்த்தனர்.

கடல் சூடேறினால் இந்த அல்கா தாங்குமா எனச் சோதித்த பழைய முடிவுகள் உண்மையில் எந்த இனத்துக்குரியவை? அன்று சோதித்த துண்டை எவரேனும் உலர்த்தி வைத்திருந்தாற்றான் இனி அறியலாம்.