தை மாதத்தில் தோட்ட மண்ணைப் பக்குவம் செய்தல்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. வெயில் முற்றுமுன் கிடைக்கும் தை, மாசி மாதங்களே புதிதாய்க் காய்கறித் தோட்டம் போடுவோர் மண்ணைத் திருத்த ஏற்ற காலம்.

ஆயினும் அநேகர் ஆவல் மிகுதியால் கரிசல் மண்ணை ஈரம் வாங்குமுன்னரே வெட்டிவிடுகின்றனர். அவ்வாறு வெட்டிய மண் வெயில் பட்டதும் கல்லைப்போல் இறுகும். பின்பு எத்தனை எரு இட்டாலும் அவ்வருஷம் நல்ல புழுதி கிடைப்பது அரிது. ஆகையால் ஒரு சாண் ஆழத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்துக. உருண்டை விரல் பட்டதும் உதிர்ந்தால் அதுவே பதம். பிசைந்த மாவைப்போல் ஒட்டினால் சில நாள் பொறுத்தல் வேண்டும். உருண்டையே பிடிக்காவிடில் காலம் கடந்தது. லேசாய் நீர் பாய்ச்சிப் பதம் வந்தபின் வெட்டலாம்.

மலையடிவாரத்துச் செம்மண்ணின் குறை வேறு. அதில் நீர் தங்காது. கண்மாய் வண்டலை உலர்த்தி நொறுக்கிப் பரப்பினால் அக்குறை தணியும். கரிசலுக்கு வண்டல் வேண்டுவதில்லை. அரசாங்கக் கண்மாயில் வண்டல் எடுக்க அனுமதி அவசியமாதலால், கிராம அதிகாரிகள் கண்மாய் வற்றுமுன்பே குடியானவர்களின் விண்ணப்பங்களை வாங்கி அனுப்புதல் நலம். கோடை மழை முந்திக்கொண்டால் வண்டி இறங்காது.

எருவில் சிக்கனம் ஆகாது. சென்டு ஒன்றுக்குச் சுமார் 100 கிலோ, அதாவது ஏக்கருக்கு 10 டன் வீதம், நன்றாய் மக்கின தொழு எரு இடுக. பச்சைச் சாணம் கரையானையும் வண்டுப் புழுவையும் அழைக்கும். எருவைக் கொத்திக் கலந்து, இரண்டு வாரம் ஆறப்போட்டுப் பாத்தி கட்டலாம். கத்தரி நாற்றுக்கு ஏறக்குறைய 5 வாரம் ஆகுமாதலால், மண்வெட்டி எடுக்கும் நாளிலேயே நாற்றங்காலிலும் விதையிடுக.