படகில் கால்களுக்கு வேலை இல்லை

ஒகவாங்கோ கடலைச் சேராத ஆறு. அங்கோலா மேட்டுநிலத்தில் பெய்யும் மழையைச் சுமந்து வந்து, போட்ஸ்வானாவின் கலஹாரி மணலில் விரிந்து, சதுப்பாகி, அங்கேயே முடிந்துபோகிறது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்க்கப்பட்டது இந்தச் சதுப்புதான். இங்கே ஓடும் தோணிக்கு மொகோரோ என்று பெயர். முன்பு ஒற்றை மரத்தைக் குடைந்து செய்தார்கள். மரங்கள் அழிவதால் இப்போது கண்ணாடியிழையிலும் வார்க்கிறார்கள். எஞ்சின் கிடையாது. பின்னால் ஒருவர் நின்று கழி ஊன்றித் தள்ளுவார். முன்னால் இருப்பவர் தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து யானையையும் நீர்யானையையும் பார்த்துக்கொண்டு போகலாம். சக்கர நாற்காலியில் வாழ்பவர்களையும் ஏற்றிக்கொண்டு இத்தகைய தோணிப் பயணங்கள் ஆப்பிரிக்காவின் தெற்கில் நடக்கின்றன.

இதைக் கேட்டதும் நம்மூரில் எழும் கேள்வி தெரிந்ததுதான்: ‘ஒமக்கு என்னத்துக்குவே இந்த வேண்டாத சோலி? பேசாம வீட்ல கெடயும்.’ அக்கறையின் குரலில் வரும் இந்த வாக்கியத்துக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. நடக்க முடியாத உடலுக்கு மருந்து உண்டு, உதவித்தொகை உண்டு, இரக்கம் உண்டு. காடும் கடலும் மட்டும் அதற்கில்லை என்ற தீர்ப்பு. அதன் தர்க்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

தோணியில் போகிறவர்களில் கால்களைப் பயன்படுத்துபவர் யார்? கழி ஊன்றுபவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் காலை நீட்டிச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஓட்டப்பந்தய வீரரும் முதுகுத்தண்டு முறிந்தவரும் அங்கே ஒன்றுதான். அப்படியானால் ஊனம் எங்கே தொடங்குகிறது? கரையில், படகுத்துறையின் படிக்கட்டில். உடலின் குறை வேறு, அந்த உடலைச் சமூகம் முடக்குவது வேறு என்ற வேறுபாட்டை 1976இல் பிரிட்டனில் தெளிவாக முன்வைத்த அமைப்பு, உடற்குறை உள்ளோரைப் பிரித்து ஒதுக்குவதற்கு எதிராக அவர்களே நடத்திய ஒன்றியம். அதன் முன்னணிச் சிந்தனையாளர் விக் ஃபிங்கல்ஸ்டைன் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், நிறவெறிக்கு எதிராகச் செயல்பட்டுச் சிறை சென்றவர். தோலின் நிறத்துக்காக மனிதர்களைப் பிரித்துவைத்த நாட்டிலிருந்து வந்தவருக்குப் படிக்கட்டும் ஒரு பிரிவினைச் சுவராகத் தெரிந்திருந்தால் வியப்பதற்கில்லை.

‘அதெல்லாம் சரி, கவிழ்ந்தா என்ன செய்ய?’ நியாயமான கேள்வி. உணர்ச்சியை விட்டுவிட்டு வேலைநுட்பமாக அதற்குப் பதில் சொல்ல வேண்டும். படகின் நிலைப்பை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எடை எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, அடிப்பாகம் எவ்வளவு அகலமாக இருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மிருகங்களைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டது காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. நின்றும் நகர்ந்தும் எடையை மாற்றக்கூடிய கால்கள்தான் அங்கே ஆபத்தாயின.

ஒடுங்கிய தோணியில் சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றுவதில்லை. அதன் இருக்கை உயரமானது. உடலின் எடைமையம் மேலே போய்விடும். நாற்காலியிலிருந்து ஒரு வழுக்குப் பலகை வழியாகத் தோணியின் அடியில் பதித்த தாழ்வான இருக்கைக்கு உடல் மாறுகிறது. முதுகுக்குச் சாய்மானம், பக்கவாட்டில் தாங்கல். தொடுவுணர்ச்சி இல்லாத உடலுக்குப் படுக்கைப்புண் வரும் அபாயம் உண்டு என்பதால் அடியில் மெத்தை அவசியம். மிதவை அங்கி, முகத்தை மேல்நோக்கித் திருப்பும் வகையாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி: ஆளைத் தோணியோடு கட்டக் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துப் போடும் பட்டை, கவிழ்ந்தால் ஆளைத் தண்ணீருக்கடியில் பிடித்து வைத்துவிடும். கட்டிப்போடுவதும் காப்பாற்றுவதும் ஒன்றல்ல. இந்தப் பாடம் தோணிக்கு வெளியேயும் பொருந்தும்.

நாற்காலியோடேயே ஏற வேண்டுமென்றால் இரண்டு மிதவைகளை இணைத்து மேலே தட்டையான தளம் போட்ட படகு வேண்டும். ஆங்கிலத்தில் அந்த இரட்டை உடல் படகுக்கு ‘கேட்டமரான்’ என்று பெயர். நம்முடைய கட்டுமரத்திலிருந்து போன சொல். சொல்லை உலகத்துக்குக் கொடுத்த கரையில்தான் முடமான மீனவர் கடலை வீட்டு வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இங்கே சக்கர நாற்காலிக்கு வந்து சேருபவர் யாரென்று கேட்க வேண்டும். பனையிலிருந்து விழுந்தவர், தென்னையிலிருந்து விழுந்தவர், சாரத்திலிருந்து சரிந்த கொத்தனார். உழைப்பு முறித்துப்போட்ட முதுகுகள் இவை. அந்தப் பனையேறி ஒரு காலத்தில் ஊரிலேயே உயரமான இடத்திலிருந்து கடலையும் வயலையும் மலையையும் தினமும் பார்த்தவர். அவரிடம் ‘இயற்கையை ரசிக்க ஒனக்கு என்ன வேண்டிக்கிடக்கு’ என்று கேட்பது எவ்வளவு பெரிய அபகரிப்பு! மறுவாழ்வு என்பதை நாம் தையல் மெஷினோடும் பெட்டிக்கடையோடும் நிறுத்திக்கொள்கிறோம். பிழைப்பு சரி, வாழ்வு எங்கே? கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சேவை பெற வேண்டியவர் என்று கருதப்படும் உடல் தானே நிறுவனமாகவும் முடியும் என்பதற்கு நம் பக்கத்து மாவட்டத்துச் சான்று அது. மத்தியப் பிரதேசத்தின் பிராச்சி யாதவ், போபால் ஏரியில் துடுப்புப் பிடித்துப் பழகி, டோக்கியோ பாராலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டியின் இறுதிச் சுற்றுவரை போனார்.

சுமக்கப்படுதல் பற்றியும் ஒரு வார்த்தை. ‘சஃபாரி’ சுவாஹிலிச் சொல், மூலம் அரபி. நம் கடலோர இஸ்லாமியர் பேச்சில் ‘சபர்’ என்றால் பயணம். காலனிய ஆட்சிக்காலத்துச் சஃபாரியில் வெள்ளைக்காரரின் மூட்டைமுடிச்சை ஆப்பிரிக்கச் சுமையாட்கள் தலையில் தூக்கினார்கள். பல்லக்கில் போன ராஜாவையும் நாலு பேர் தூக்கினார்கள். அவரை ஊனமுற்றவர் என்று யாரும் சொன்னதில்லை. தூக்கு என்று கட்டளையிடுபவருக்கு அது அதிகாரம். கேட்காமலேயே மூட்டைபோல் தூக்கி வைக்கப்படுபவருக்கு அது அவமானம். ஆகவே நல்ல மனசுள்ள நாலு பேர் துறையில் நிற்பது தீர்வாகாது. எங்கே பிடிக்க வேண்டும், எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லும் உரிமை ஏறுகிறவருக்கு இருக்க வேண்டும்.

சட்டம் இந்த இடத்தில் நம்மைவிட முன்னால் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவில் வெளிப்புற முகாம்களையும் சாகசச் செயல்பாடுகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தர நிர்ணயங்கள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக வேண்டும் என்றது. ஆனால் சாய்தளம் ஒரு திறப்பு விழாவோடு முடிவதில்லை. 2022 நவம்பரில் மெரினா மணலில் திறக்கப்பட்ட மரப்பாதையை அடுத்த மாதமே மாண்டஸ் புயல் சேதப்படுத்தியது, பிறகு சீர்செய்தார்கள். கட்டுவது பாதி வேலை, பராமரிப்பது மீதி.

கன்னியாகுமரியில் 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. பாலத்தின் மேல் சக்கரம் உருளும். ஆனால் பாலத்தை எட்டக் கரையிலிருந்து படகேற வேண்டும், பாறையில் படியேற வேண்டும். அந்தத் துறையில் ஓடும் படகுகளில் ஒன்றுக்குக் குகன் என்று பெயர். குகன் ஆளைப் பார்த்துத்தான் ஓடம் விட்டான். அரசுத்துறை எல்லோருக்கும் விடக் கடமைப்பட்டது.

ஒகவாங்கோவுக்குப் போக வேண்டியதில்லை. சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் காயலும் அலையாத்தியும் இருக்கின்றன. அங்கெல்லாம் விசைப்படகும் கான்கிரீட் மேடையும் கொண்டுவந்து ‘அணுகல் வசதி’ என்று பெயர் சூட்டினால், பறவையும் போய்விடும், பார்க்க வந்தவரும் ஏமாறுவார். வேண்டியது சின்னது: தண்ணீர் ஏறி இறங்கும்போது கூடவே ஏறி இறங்கும் மிதவைத் துறை; அதற்குப் போக, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்வு; துடுப்பில் ஓடும் இரட்டைத் தோணி; தள்ள, தண்ணீரின் குணம் அறிந்த நம் வள்ளக்காரர்கள். பறவைகள் முட்டையிட்டு அடைகாக்கும் மாதங்களில் எல்லோருக்கும் தடை. கால் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே தடை. சமத்துவம் அதிலும் இருக்கிறது.

இத்தகைய துறை ஒன்றைத் திட்டமிடும் கூட்டம் நடக்கும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி செலவு பற்றியது அல்ல. அந்தக் கூட்டம் மாடியில் நடக்கிறதா, தரைத்தளத்தில் நடக்கிறதா?