ஊர்ப் பெயரை மாற்ற 2025 டிசம்பர் 31 கடைசி நாளா?

‘டிசம்பர் 31-க்குள் மாற்றாவிட்டால் எங்கள் ஊர்ப் பெயரை இனி மாற்றவே முடியாதாமே?’ என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. முடியும். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக விதிக்கப்பட்ட அந்த 2025 டிசம்பர் 31 கெடு, மாவட்டம், வட்டம், கிராமம், நகராட்சி ஆகியவற்றின் எல்லைகளைப் பற்றியது. கணக்கெடுப்பின் நடுவே ஒரு தெரு ஊராட்சியிலிருந்து நகராட்சிக்குத் தாவினால் கணக்கு குழம்பும் என்பதால் எல்லைகளை அப்படியே நிறுத்திவைக்கிறார்கள். பெயர் மாற்றம் வேறு கோப்பு. அது போகும் வழியும் வேறு.

அந்த வழிதான் கவனிக்க வேண்டியது. ஒரு கிராமத்தின் பெயரை மாற்றச் சட்டத் திருத்தம் தேவையில்லை. மாநில அரசு முன்மொழிய வேண்டும், மத்திய உள்துறை ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும், பிறகு அரசிதழில் வெளியாகும். இதற்கு அடிப்படை 1953-இல் உள்துறை வகுத்த வழிகாட்டு நெறிகள். சிறப்புக் காரணம் இல்லாமல் பெயரை மாற்றக் கூடாது. வரலாற்றுத் தொடர்புள்ள பெயர்களில் கூடுமானவரை கைவைக்கக் கூடாது. உள்ளூர்ப் பற்று மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது. புதிய பெயரில் அதே மாநிலத்திலோ அண்டையிலோ வேறு ஊர் இருக்கக் கூடாது. ரயில்வே, அஞ்சல் துறை, இந்திய நில அளவைத் துறை ஆகியவற்றைக் கேட்ட பிறகே உள்துறை பதில் சொல்லும்.

ஒரே பெயரில் இன்னோர் ஊர் கூடாது என்ற விதி மிக நுட்பமானது. சிரிப்பை வரவழைக்கும் பெயர்களுக்கு அதுதான் சிறந்த காவல். எருமைவெட்டிபாளையம் என்று முகவரி எழுதினால் தபால் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போய்ச் சேரும். அதையே தலைவர் பெயரிலோ பூவின் பெயரிலோ ஒரு ‘நகர்’ ஆக்கிவிட்டால், தமிழ்நாட்டில் அதே பெயரில் இன்னும் எத்தனை இடங்கள் என்று தபால்காரரைத்தான் கேட்க வேண்டும். பேய்க்கரும்பு என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் நினைவிடம் 2017-இல் அந்த இடத்தில்தான் திறக்கப்பட்டது. முன்னால் ‘பேய்’ இருக்கிறதே என்று அங்கே போகிற யாரும் தயங்குவதில்லை. ஆட்டையாம்பட்டி என்றதும் கல்லூரிப் பையன்கள் சிரிக்கலாம். சேலத்துக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கைமுறுக்கு. இவற்றையெல்லாம் மாற்றுவது தேவையற்ற வேலை மட்டுமல்ல, இழப்பும்கூட.

ஆனால் இதே நெறிகளில் என்னை உறுத்துகிற குறை ஒன்று உண்டு. ரயில்வேயைக் கேட்கச் சொல்கிறார்கள், தபால் துறையைக் கேட்கச் சொல்கிறார்கள், அந்த ஊரில் குடியிருப்பவர்களிடம் வாக்கெடுக்கச் சொல்லவில்லை. ஸ்பெயினில் ‘யூதர்களைக் கொல்’ என்று பொருள்படும் பெயரோடு இருந்த ஒரு சிற்றூர், 2014-இல் வாக்கெடுப்பு நடத்தியது. மாற்றலாம் என்று 29 பேர், வேண்டாம் என்று 19 பேர். மறு ஆண்டு பெயர் மாறியது. ஐம்பது அறுபது பேர் வாழும் ஊருக்கே அது சாத்தியமாயிற்று.

‘சிறப்புக் காரணம்’ என்பதற்கும் தெளிவான வரையறை இல்லை. அரசு விரும்பும்போது கிடைப்பதுதான் காரணம் என்றே நடைமுறை காட்டுகிறது. அலகாபாத்தைவிட வரலாற்றுத் தொடர்புள்ள பெயர் எது? 2018 அக்டோபரில் உத்தரப் பிரதேச அமைச்சரவை முடிவெடுத்தது. மூன்று மாதத்துக்குள் பிரயாக்ராஜ் ஆகிவிட்டது. ஹரியானாவின் ஃபதேஹாபாத் மாவட்டத்தில் ‘கந்தா’, அதாவது ‘அழுக்கு’, என்று ஒரு கிராமம் இருந்தது. பள்ளி மாணவி ஒருவர் பிரதமருக்கே கடிதம் எழுத வேண்டியிருந்தது. இன்று அது அஜீத் நகர்.

அந்த மாணவியின் பக்கம்தான் நான். குடகில் குட்டா என்றோர் ஊர் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அதைப் படிக்கும் இந்திக்காரர்களுக்கு நாய் நினைவு வருகிறது. அது படிப்பவர் பாடு, குட்டாக்காரர்கள் அதற்காகப் பெயரை விட்டுத்தர வேண்டியதில்லை. கந்தா அப்படியல்ல, அங்கே வாழ்பவர்களின் மொழியிலேயே அது வசவு. நேர்முகத் தேர்வில் சொந்த ஊரைச் சொன்னதும் எதிரே இருந்தவர்கள் சிரித்ததாக ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். அவருடைய ஊர்ப் பெயர், வேறு சாதியினர் அவருடைய முன்னோருக்கு வைத்த பட்டம். இப்படிப்பட்ட பெயர் ஒருநாள்கூட நீடிக்கக் கூடாது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்ததும் இந்த வகையில்தான் வரும். அந்த அறிவிப்பு, ஊர்ப் பெயர்ப் பலகைக்கும் பட்டாவுக்கும் ரேஷன் அட்டைக்கும் வந்து சேர்ந்ததா என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

அவசரத்தில் அரசே வேடிக்கைப் பெயர்களை உண்டாக்கியதும் நடந்திருக்கிறது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியானது. கோயம்புத்தூரின் ஆங்கிலப் பெயர் 10 எழுத்திலிருந்து 14 எழுத்தாக நீண்டது. வேலூரைப் புதிய எழுத்தில் படித்தால் ‘வீலூர்’ என்று வந்தது. நோக்கம் நல்லது, ஊர்க்காரர்களிடம் காட்டியிருந்தால் முதல் நாளே திருத்தியிருப்பார்கள். சில நாட்களில் அரசாணை திரும்பப் பெறப்பட்டது.

இனி மற்ற கேள்விகள்.

தெருப் பெயருக்கும் டெல்லி போக வேண்டுமா? வேண்டாம், உள்ளாட்சித் தீர்மானத்தில் தொடங்கி மாநில அளவிலேயே முடியும்.

மாநிலத்தின் பெயர்? அதற்கு நாடாளுமன்றம் வேண்டும். மெட்ராஸ் மாநிலம் 1969-இல் தமிழ்நாடு ஆனது அப்படித்தான்.

சென்னை 1996-இலேயே மாறியும் உயர் நீதிமன்றம் ஏன் இன்னும் மெட்ராஸ்? அதற்குத் தனிச் சட்டம் தேவை. 2016-இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை.

ரயில் நிலையக் குறியீடு? தானாக மாறாது, சென்னை சென்ட்ரலுக்கு இன்றும் எம்ஏஎஸ்.

பழைய பெயரில் உள்ள பத்திரம் செல்லுமா? செல்லும்.

எங்கே தொடங்குவது? கிராம சபைத் தீர்மானத்தில்.