வெடித்த விண்மீனின் சாம்பல்

“ஐயா, அந்தச் சாம்பல் எங்கே போகிறது?”

விண்மீன்களின் வாழ்வும் முடிவும் பற்றி வகுப்பிற் கூறி முடித்த வேளையிலே, பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் இவ்வாறு வினவினான். மற்றவர்கள் சிரித்தனர். “விண்மீன் வெடித்துச் சிதறியது” என்று கூறிப் பாடநூல் அத்தியாயத்தை முடித்துவிடுகிறது. அவனோ அவ்விடத்திலிருந்துதான் தொடங்கினான். அன்று மணி அடித்துவிட்டமையால் அரைகுறையாகவே விடையளித்தேன். முழு விடையையும் இங்கே எழுதுகின்றேன்.

சூரியனிலும் பன்மடங்கு பாரிய விண்மீன் ஒன்று தன் எரிபொருள் தீர்ந்ததும் உட்சரிந்து வெடிக்கின்றது. இதனையே சுப்பர்நோவா என்பர். சிதறும் பொருளின் வேகத்தில் அடங்கிய சக்தி மாத்திரமே, நமது சூரியன் தன் ஆயிரங்கோடி ஆண்டு ஆயுளில் ஒளியாகச் சொரியும் சக்திக்கு ஏறக்குறைய ஈடாகும். அப்பொருள் செக்கனுக்கு 10,000 கிலோமீற்றர் அளவான வேகத்தில் விரைகின்றது. பூமியிலிருந்து சந்திரனை அடைய அதற்கு நாற்பது செக்கன் போதும்!

இவ்வேகத்திலே அது ஏன் என்றென்றும் ஓடிக்கொண்டிராது? விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி முற்றிலும் வெறுமையானதன்று. ஒரு கன சதமமீற்றர் இடத்தில் சராசரியாக ஓர் அணு என்ற அளவிலே அங்கே வாயு பரந்துள்ளது. நாம் சுவாசிக்கும் காற்றில் அதே அளவு இடத்துள் இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள. ஒப்புநோக்கினால் விண்வெளி வாயு இல்லாததற்குச் சமம். எனினும் கடக்கும் தூரமோ பெரிது. மணல் முற்றத்தைப் பெருக்கும்போது விளக்குமாற்றின் முன்னே குப்பை குவியக் குவியத் தள்ளுவது கடினமாவதை யாவரும் அறிவோம். சிதறிய பொருளுக்கு நேர்வதும் அதுவே.

இவ்வாழ்வின் பருவங்களை ஓர் ஆயுட்காலத்துள் எவரும் கண்டுவிட முடியாது. ஆயினும் வெவ்வேறு வயதுடைய எச்சங்கள் வானத்தில் உள்ளன. குழந்தையையும் இளைஞனையும் முதியவனையும் ஒரே வீட்டிற் காண்பதுபோல அவற்றை நாம் காணலாம்.

குழந்தை, 1987ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் பெரிய மகெல்லன் முகிலிலே தோன்றியது. அது 1,60,000 ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ளது. அவ்விண்மீன் வெடிப்பதற்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகள் முன்னரே தன்னைச் சுற்றி ஒரு வாயு வளையத்தை விட்டிருந்தது. 1990களின் நடுப்பகுதி முதல் வெடிப்பின் அதிர்ச்சி அலை அவ்வளையத்தைத் தாக்கத் தொடங்கியது. தாக்கிய இடமெல்லாம் ஒளிர, முத்துக்கள் ஒவ்வொன்றாகக் கோத்த மாலைபோல வளையம் முழுவதும் துலங்கியது.

இளைஞன், கசியோப்பியா விண்மீன் கூட்டத்திலுள்ள ‘கசியோப்பியா ஏ’. இதன் தூரம் ஏறத்தாழ 11,000 ஒளியாண்டு. வயது ஏறத்தாழ 350 ஆண்டு. தள்ளப்பட்ட வாயுவின் திணிவு சிதறிய பொருளின் திணிவை எட்டுங்கால் வேகம் தளர்கின்றது. வெளிப்புறம் தளர, உட்புறத்திலிருந்து விரைந்துவரும் பொருள் அதன்மேல் மோதுகின்றது. இவ்வாறு உள்நோக்கித் திரும்பும் ஓர் அலை எழுந்து, சாம்பலைப் பல கோடி பாகை வரை சூடாக்கி, எக்ஸ் கதிர்களை வீசச் செய்கின்றது. அவ்வெக்ஸ் கதிர்களைக் காண 1999ஆம் ஆண்டு விண்ணில் ஏவப்பட்ட தொலைகாட்டிக்குச் சென்னையிற் கல்வி பயின்ற தமிழ் மேதை சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரால் ‘சந்திரா’ என்று பெயரிட்டனர். அதன் முதற் படமாக உலகம் கண்டது இவ்வெச்சத்தையே. சிலிக்கன், கந்தகம், இரும்பு ஆகிய மூலகங்கள் எங்கெங்கே உள்ளன என்பதை அது பிரித்துக் காட்டியது. விண்மீனின் ஆழத்திலே பிறந்த இரும்பு, சில இடங்களிற் சிலிக்கனையும் தாண்டி வெளியே நின்றது.

இதன் பின்னர் எச்சம் விரியும் விதத்தை ஒரு கணக்கு கூறுகின்றது: காலம் 32 மடங்காகும்போது ஆரை 4 மடங்கே ஆகும். ஆங்கிலேயரான டெயிலரும் ரஷ்யரான செடோவும் இக்கணக்கைக் கண்டது விண்மீன்களுக்காக அன்று, அணுகுண்டுக்காக. 1945இல் நியூ மெக்சிக்கோவில் வெடித்த முதற் குண்டின் புகைப்படங்களைக் கொண்டே அதன் சக்தியை டெயிலர் கணித்து, 1950இல் வெளியிட்டார். அழிவுக்கென வகுத்த கணக்கு, வானத்தை அறியவும் உதவியது.

முதியவன், அன்னக் கூட்டத்திலுள்ள மெல்லிய வளையம். இதன் ஒரு பகுதியை 1784இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டார். வயது பத்தாயிரம் முதல் இருபதாயிரம் ஆண்டு வரை இருக்கும். அகலமோ, ஆறு பூரண சந்திரர்களை வரிசையாக வைத்தாற்போன்றது. வேகம் செக்கனுக்குச் சில நூறு கிலோமீற்றராகக் குறைந்துவிட்டது. அடர்ந்த வாயுவில் மோதிய இடங்கள் குளிர்ந்து, ஐதரசன் செந்நிறமாகவும் ஒட்சிசன் நீலப்பச்சையாகவும் ஒளிர, பட்டிழைகளைப் பரப்பியதுபோலத் தோன்றுகின்றது. இன்னும் பல இலட்சம் ஆண்டுகளில் அதன் வேகம் சுற்றுப்புற வாயுவின் வேகத்தோடு ஒன்றாகிவிடும். அதன்பின் எச்சம் எது, வாயு எது எனப் பிரித்தறிதல் இயலாது.

இனி அம்மாணவனின் கேள்விக்கு வருவோம். சூரியனுக்கு அண்மையில் செக்கனுக்கு 550 கிலோமீற்றர் அளவான வேகம் உடைய எதுவும் பால்வீதியை விட்டே நீங்கிவிடும். சிதறிய சாம்பலின் வேகமோ அதனினும் மிகப் பெரிது. கன சதமமீற்றருக்கு ஓர் அணு என்ற அந்த அற்ப வாயு வழிமறித்திராவிடின், இரும்பும் ஒட்சிசனும் வெறுவெளியில் ஓடி மறைந்திருக்கும். மறித்து, கலந்து, வைத்திருந்தமையினாலேயே அவை புதிய முகில்களிற் சேர்ந்தன. அத்தகைய முகிலொன்றிலிருந்தே 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனும் பூமியும் உருவாகின. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் இரும்பு விண்மீன் வெடிப்புகளிலே பிறந்ததேயாம்.

இது பழங்கதை மாத்திரமன்று. பசிபிக் சமுத்திரத்தின் அடித்தளப் பாறைப் படிவுகளில் ‘இரும்பு-60’ இருப்பதை ஜேர்மனிய விஞ்ஞானிகள் 1999இலும் 2004இலும் வெளியிட்டனர். 26 இலட்சம் ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிடும் இவ்விரும்பு, பூமி பிறந்தபோது கிடைத்ததாக இருத்தல் இயலாது. அண்மைக் காலத்தே, அதாவது இருபது முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், அருகில் வெடித்த விண்மீனின் சாம்பலே அங்ஙனம் கடலில் வீழ்ந்து படிந்தது.

புரட்டாதி மாதத்து முன்னிரவில் வானம் தெளிந்திருந்தால், பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்து, வடதிசையில் உயரே தோன்றும் அன்னக் கூட்டத்தைக் காட்டுங்கள். முதிய எச்சம் வெறுங் கண்ணுக்குத் தெரியாது. எனினும் அது இருக்கும் திசையை அவர்கள் அறிந்துகொள்ளட்டும். பின்வாங்கு மாணவனுக்கும் அதையே காட்டுவதாக எண்ணியுள்ளேன்.